தெரிந்த சொல்தான் தடுக்கிவிடும்: மருத்துவமனையில் அன்றாடம் புழங்கும் சொற்களின் சரியான பொருள்

மருத்துவமனையில் கொடுக்கும் காகிதத்தில் வாயில் நுழையாத சொல் ஒன்று இருந்தால் யாரும் அதைச் சும்மா விடுவதில்லை. நர்ஸிடம் கேட்பார்கள், தேடிப் பார்ப்பார்கள், விவரம் தெரிந்த உறவினருக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள். மயக்கம், நரம்பு, கட்டி, அலர்ஜி, பாசிடிவ், ஒரு ஸ்பூன் போன்ற சொற்களைத்தான் எவரும் கேட்பதில்லை. தெரிந்த சொல்தானே என்று கடந்துவிடுகிறோம். நோயாளி ஒன்றை நினைத்துச் சொல்ல, டாக்டர் வேறொன்றாக எடுத்துக்கொள்ள, சிகிச்சை திசைமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வார்டில் நாள் முழுக்க இந்தச் சொற்களோடு வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் குழப்பங்களும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளும் இங்கே.

மயக்கத்திலிருந்து தொடங்கலாம். "மயக்கமா இருக்கு டாக்டர்" என்ற ஒரு வரிக்குள் ஐந்தாறு பொருள் ஒளிந்திருக்கிறது. அறை சுழல்வது மயக்கம். எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவது மயக்கம். நினைவு தப்பி விழுவதும் மயக்கம். தூக்கக் கலக்கம்போல் மந்தமாக இருப்பதும், உடம்பு தளர்ந்து கிடப்பதும்கூட மயக்கம்தான். மருத்துவத்தில் இவை ஒவ்வொன்றும் வேறு. படுக்கையில் புரளும்போது அறை சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றால், உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் பயிற்சியே அதற்கு முதல் சிகிச்சை. எழுந்து நின்றதும் கண் இருட்டினால் படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் காரணம் என்று கொள்ளலாம். பல நேரம் அழுத்தத்துக்கான மாத்திரையின் அளவே அதற்குக் காரணமாக இருக்கும். நினைவு தப்பியது என்றால் இதயத்தையும் மூளையையும் சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும்.

விழுந்தவருக்கு அந்த நேரம் நினைவிருக்காது. ஆகவே பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் டாக்டரிடம் பேச வேண்டும். அவர் "மயங்கி விழுந்தார்" என்று நிறுத்திக்கொள்ளாமல் இவற்றைச் சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்: விழும் முன் என்ன செய்துகொண்டிருந்தார், நின்றாரா உட்கார்ந்திருந்தாரா படுத்திருந்தாரா, முகம் வெளுத்து வியர்த்ததா, கை கால் வெட்டியதா, எவ்வளவு நேரம், நாக்கின் பக்கவாட்டில் கடித்திருந்ததா, சிறுநீர் பிரிந்ததா, கண் விழித்ததும் உடனே தெளிவாகப் பேசினாரா, இல்லை பத்து நிமிடத்துக்கு மேல் குழம்பிக் கிடந்தாரா. உடனே தெளிந்தால் மூளைக்குப் போகும் இரத்தம் கணநேரம் குறைந்த வகை மயக்கத்தின் பக்கம் சாயும். நெடுநேரம் குழப்பம் நீடித்தால் வலிப்பின் பக்கம். சர்க்கரை நோயாளியானால் அந்த நேரத்தில் குளுக்கோமீட்டர் காட்டிய எண்ணும் தேவை. 70 மி.கி.க்குக் கீழ் என்றால் தாழ்சர்க்கரை. நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் உட்பட எதையும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இழுப்பு என்ற சொல்லும் இதே மாதிரி வம்பு. சிலருக்கு அது மூச்சு வீசிங், சிலருக்கு வலிப்பு. "குழந்தைக்கு இழுப்பு வந்துடுச்சு" என்று தொலைபேசியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் எதை நினைப்பார் என்று சொல்ல முடியாது. மூச்சா, கை காலா என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

நரம்பு என்ற சொல்லை நாம் நான்கு வேறு உறுப்புகளுக்குப் பயன்படுத்துகிறோம். ஊசி போடுவது "நரம்பில்". உண்மையில் அது சிரை, இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். கால் ஆடுசதையில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு நிற்பதும் சிரைதான், "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்கிறோம். "இதய நரம்பில் அடைப்பு" என்றால் அது தமனி, இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய். குதிகாலுக்கு மேல் கயிறுபோல் தட்டுப்படுவது தசைநாண், தசையை எலும்போடு இணைப்பது. உண்மையான நரம்பு உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்தும் கம்பி, அதில் இரத்தம் ஓடுவதே இல்லை.

சர்க்கரை நோயாளி ஒருவர் "கால் நரம்பு வலிக்குது" என்று வந்தால் இந்த வேறுபாடு அவர் காலையே காப்பாற்றும். நரம்புச் சிதைவு என்றால் இரண்டு பாதத்திலும் எரிச்சல், மரத்துப்போதல், இரவில் படுத்திருக்கும்போது அதிகம். தமனி அடைப்பு என்றால் குறிப்பிட்ட தூரம் நடந்ததும் ஆடுசதை பிடித்துக்கொண்டு வலிக்கும், நின்றால் சில நிமிடத்தில் அடங்கும், பாதம் சில்லிட்டிருக்கலாம். சிரைக் கோளாறு என்றால் நெடுநேரம் நின்ற பின் கனம், மாலையில் வீக்கம், காலை உயர்த்தி வைத்தால் குறையும். முதலாவதற்கு நரம்பு மருத்துவர், மற்ற இரண்டுக்கும் இரத்தக்குழாய் அறுவை நிபுணர். தமனி அடைப்பு உள்ள காலுக்கு, சிரை வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறையை யாரும் சொல்லாமல் வாங்கி மாட்டினால், ஏற்கெனவே குறைவாகப் போகும் இரத்தம் இன்னும் குறையும். "நரம்புக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

கட்டி என்றதும் எல்லோருக்கும் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. சீழ் சேர்ந்தால் சீழ்க்கட்டி, திரவம் நிறைந்த பை என்றால் நீர்க்கட்டி, தோலுக்கடியில் மெத்தென்று நகர்வது பெரும்பாலும் கொழுப்புக் கட்டி, கருப்பைச் சுவரில் வளர்வது நார்த்திசுக் கட்டி. "கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். பிரச்சினையில் அது கருப்பையும் இல்லை, வழக்கமான பொருளில் நீர்க்கட்டியும் இல்லை. சினைப்பையில் முழுதாக வளராமல் நின்றுவிட்ட சிறு சிறு முட்டைப்பைகள், ஒவ்வொன்றும் 10 மி.மீ.க்கும் குறைவு. அவற்றை அறுத்து எடுக்கத் தேவையில்லை. "கட்டி இருக்கிறதாம், ஆபரேஷன் பண்ணணுமாம்" என்று கலங்கி நிற்கும் இளம்பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்தச் சொல்லை இப்படி வைத்தவர்கள்மேல் வருத்தம் வருகிறது.

எல்லாவற்றிலும் மோசமானது "மூளையில் இரத்தக் கட்டி". இரத்தக் குழாய்க்குள் உறைந்து அடைத்த கட்டியையும் அப்படித்தான் சொல்கிறார்கள், குழாய் வெடித்து வெளியே கசிந்து தேங்கிய இரத்தத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். முன்னதற்கு, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் வந்தால், உறைவைக் கரைக்கும் ஊசி போடலாம். பின்னதற்கு அதே ஊசி உயிரைப் பறிக்கும். அதனால்தான் பக்கவாதம் என்று வந்தவருக்கு ஸ்கேன் எடுக்காமல் அந்த ஊசியைப் போடுவதில்லை. "ஏன் சிகிச்சையை ஆரம்பிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள்" என்ற கோபத்துக்கும் பதில் இதுவே. பின்னாளில் வேறு டாக்டரிடம் போகும்போது "அடைப்பா, கசிவா" என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரம் என்பது கடைசியாக அவர் நன்றாக இருந்ததை ஒருவர் கண்ட நேரம். காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், முதல் நாள் இரவு தூங்கப் போன நேரம்தான் கணக்கு.

அடுத்து, மருத்துவமனையிலிருந்து நம் பக்கம் வரும் சொற்கள். அக்யூட் என்பதைத் "கடுமையான" என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். தமிழில் அது தீவிரத்தைக் குறிக்கிறது, மருத்துவத்தில் அக்யூட் குறிப்பது காலத்தை. திடீரென்று தொடங்கியது, குறுகிய காலத்தது. ஜலதோஷமும் அக்யூட்தான். கிரானிக் என்றால் நீண்ட காலமாக இருப்பது. முற்றியது, தீராதது என்ற பொருள் அதற்குள் கிடையாது. சிறுநீரகத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியம். அக்யூட் கிட்னி இஞ்ஜுரி என்று எழுதியிருந்தால், வாந்தி பேதியால் நீர் வற்றியோ, ஒரு வலி மாத்திரையாலோ சில நாளில் வந்த பாதிப்பாக இருக்கலாம், முழுதாக மீளவும் வாய்ப்புண்டு. கிரானிக் என்று எழுத, குறைந்தது 3 மாதம் பாதிப்பு நீடித்திருக்க வேண்டும். முன்னதைக் "கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு" என்று படித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துப் போனால் மீளக்கூடியவரை இழக்க நேரும்.

இதயத்தில் மூன்று சொற்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி அடைபடுவது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார். இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. ஆள் சரிந்து விழுவார், கூப்பிட்டால் பதில் வராது, இயல்பான மூச்சு இருக்காது. அந்த நொடியே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். மூன்றாவது ஹார்ட் ஃபெயிலியர். "இதயச் செயலிழப்பு" என்று அதைத் தமிழாக்கியதால் இதயமே நின்றுவிட்டதாகக் குடும்பம் கலங்குகிறது. இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது, அவ்வளவே. மாத்திரையோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அதே எடை இயந்திரத்தில் எடை பார்த்துக் குறித்துவர வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பு கிடையாது, தேங்கும் நீர். மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே டாக்டருக்குச் சொல்லிவிடலாம்.

எக்கோ என்னும் இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் "இ.எஃப். 60%" என்று பார்த்ததும், இதயத்தில் நாற்பது சதவீதம் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பள்ளி மதிப்பெண் பழக்கம், நூறுக்கு அறுபது. கணக்கு வேறு. இ.எஃப். என்பது நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே போகும் பங்கு. இதயத்தின் இடது கீழறை நிரம்பும்போது ஏறத்தாழ 120 மி.லி. இரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியே போகும், மீதி 50 உள்ளேயே தங்கும். 70-ஐ 120-ஆல் வகுத்தால் 58 சதவீதம். இது நல்ல இதயம். நூறு சதவீதம் யாருக்கும் வருவதில்லை, வரவும் கூடாது. 55 முதல் 70 வரை இயல்பு, 40-ம் அதற்குக் கீழும் குறைந்தது. எண் சரியாக இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வரலாம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இறுகிப்போன அறை சரியாக நிரம்பாது, நிரம்பிய கொஞ்சத்தில் அறுபது சதவீதத்தை அனுப்பினாலும் உடம்புக்குப் போதாது.

எண்ணைப் பார்த்துத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இன்னொரு இடம் தைராய்டு. டி.எஸ்.எச். 12 என்று வந்தால் "தைராய்டு அதிகம்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டி.எஸ்.எச். தைராய்டுச் சுரப்பியிலிருந்து வருவதே இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்து "வேலை செய்" என்று போடும் சத்தம் அது. தைராய்டு சோம்பினால் சத்தம் கூடும். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு, இறங்கினால் தைராய்டு அதிகம். மாத்திரை சாப்பிடுபவருக்கு 12 என்றால் பொதுவாக அளவு போதவில்லை, அல்லது கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கியதால் உடம்பில் சேரவில்லை. அவற்றுக்கு நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பாசிடிவ் என்றால் தேடியது இருக்கிறது, நெகடிவ் என்றால் தேடியது தென்படவில்லை. நல்லது கெட்டது அதற்குள் இல்லை. மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் "ஹார்மோன் ரிசெப்டார் பாசிடிவ்" என்பது ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்புண்டு என்று காட்டும் நல்ல குறி. அதே காகிதத்தில் "மார்ஜின் பாசிடிவ்" என்றால் வெட்டி எடுத்த விளிம்பில் இன்னும் புற்றணுக்கள் இருக்கின்றன. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வேறு குழப்பம். மருந்துகளின் பெயருக்கு எதிரே "சென்சிடிவ்", "ரெசிஸ்டன்ட்" என்றிருக்கும். சென்சிடிவ் என்றதும் அந்த மருந்து நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது என்றும், ரெசிஸ்டன்ட் என்றதும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் கிருமியைப் பற்றிய சொற்கள். சென்சிடிவ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும், ரெசிஸ்டன்ட் என்றால் சாகாது.

அலகு இல்லாமல் எண் சொல்வதும் ஆபத்து. "சர்க்கரை 7" என்றால் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1சி. 7 சதவீதமாக இருக்கலாம், அது சராசரி 154 மி.கி.க்குச் சமம். மில்லிமோல் கணக்கில் எடுத்த குளுக்கோஸாகவும் இருக்கலாம், அது 18-ஆல் பெருக்க 126 மி.கி. இயல்பு அளவு என்று ஓரத்தில் அச்சிட்டிருப்பதும் பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் விழும் எல்லைதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனை செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதோ ஒன்று எல்லை தாண்ட ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு. தடித்த எழுத்தில் இருப்பதெல்லாம் நோயாகாது.

மருந்துச் சீட்டுக்கு வருவோம். ஓ.டி. நாளுக்கு ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மும்முறை, எச்.எஸ். படுக்கும் முன். ஓ.டி. என்பது கண் மருத்துவரின் சீட்டில் வலது கண்ணையும் குறிக்கும். ஆகவே சொட்டு மருந்தென்றால் எந்தக் கண், எத்தனை முறை என்று கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். அந்த மூன்றெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாத்திரை சாப்பிட முடியாது. எந்தத் தொந்தரவுக்கு, இரண்டு மாத்திரைக்கு நடுவே குறைந்தது எத்தனை மணி நேரம், நாளுக்கு அதிகபட்சம் எத்தனை என்ற மூன்றும் தெரிய வேண்டும். பெரியவர்களுக்கு பாராசிட்டமால் உச்ச அளவு நாளுக்கு 4 கிராம், அதாவது 650 மி.கி. மாத்திரை ஆறுக்கு மேல் போகக் கூடாது. எடை குறைந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், மது அருந்துபவருக்கு இன்னும் குறைவு. சளி மாத்திரைக்குள்ளும் அதே பாராசிட்டமால் இருப்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

குழந்தை மருந்தில் மி.கி.யும் மி.லி.யும் மாறிப்போவதுதான் மிகவும் பயமுறுத்துவது. மி.கி. மருந்தின் எடை, மி.லி. அது கரைந்திருக்கும் திரவத்தின் அளவு. 10 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் 150 மி.கி. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 6.25 மி.லி. 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி. 1 மி.லி.க்கே 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை மி.லி. மட்டுமே. போன முறை சிரப் கொடுத்த ஞாபகத்தில் இந்த முறை டிராப்ஸை 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி., நான்கு மடங்கு. டிராப்ஸ் என்றால் லேசானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அதுதான் அடர்த்தி அதிகம். கைக்குழந்தை கொஞ்சமாகக் குடித்தால் போதும் என்று அப்படிச் செய்கிறார்கள். புட்டியில் "ஒவ்வொரு 5 மி.லி.யிலும்" என்றிருக்கிறதா "ஒவ்வொரு 1 மி.லி.யிலும்" என்றிருக்கிறதா என்று பார்த்து, ஊசியில்லாத அளவு சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள். சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

இன்சுலினில் யூனிட் என்ற சொல்லும் இதே கதை. 1 மி.லி.யில் 40 யூனிட் உள்ள புட்டியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 100 யூனிட் புட்டியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் "10" என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணும் புட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு புதுப் புட்டிக்கும் பார்க்க வேண்டும்.

கடைசியாக அலர்ஜி. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு கலங்கினால் அது பக்கவிளைவு. தோலில் தடிப்பு, உதடு முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் என்றால் அலர்ஜி. இரண்டையும் "ஒத்துக்கொள்ளாது" என்றே சொல்கிறோம். பென்சிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதில்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஏறிவிட்டால், பொருத்தமான மருந்து வாழ்நாள் முழுக்க அவருக்கு மறுக்கப்படும். உண்மையான அலர்ஜியை லேசாகச் சொல்லிவிட்டாலோ அடுத்த ஊசி உயிருக்கே உலை. ஆகவே சொல்லை விட்டுவிட்டு நடந்ததை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், ஆண்டு, சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் அல்லது எத்தனை நாளில் வந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, எதனால் அடங்கியது. "அமாக்சிசிலின், 2019, அரை மணி நேரத்தில் உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மருத்துவமனையில் ஊசி போட்டுச் சரியானது." இந்த ஒரு வரியைப் பார்த்தால் எந்த டாக்டரும் மறுகேள்வி இல்லாமல் முடிவெடுப்பார்.